இருபத்து மூன்று தங்கைகளின் கல்யாணம்

எனக்குத் தங்கை கிடையாது. ஒரே ஒரு அண்ணன்; அவனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இருந்தும் என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு நான் மூன்று முறை வேலையை ராஜினாமா செய்திருக்கிறேன். மூன்று கடிதங்களும் என் கையெழுத்தில் எங்கேயோ ஒரு கோப்பில் இருக்கின்றன.

ஒரகடம் பக்கத்தில், கார்களுக்கான ஒயர் கட்டுகளைத் தயாரிக்கிற கம்பெனி அது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த அடுத்த வருடம் அங்கே சோதனை மேஜையில் சேர்ந்தேன். கட்டி முடித்த ஒயர் கட்டு என்னிடம் வரும். அதன் ஒவ்வொரு முனையையும் உரிய குழியில் செருகினால், எல்லா ஒயரும் நடுவில் அறுபடாமல் போகிறதா என்று கருவி பார்த்துச் சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். சிவப்பு எரிந்தால் எந்த ஒயர், எந்த முனை, யார் கட்டியது, மணி என்ன என்று குறித்துவைப்பேன். குறித்துவைப்பது எனக்கு இயல்பாக வரும். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட நான்தான் எழுதிவைக்கிறேன்.

கம்பெனியில் வேலை செய்தேனே தவிர, நான் கம்பெனி ஆள் இல்லை. ஏஜென்சி ஆள். பர்மனன்ட் ஆட்களின் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். எங்கள் அட்டை தொங்கும் துணிப் பட்டையில் ஏஜென்சியின் பெயர் அச்சிட்டிருக்கும். மேஜை ஒன்றுதான், வேலை ஒன்றுதான், திட்டும் ஒன்றுதான். சாப்பாட்டு வரிசை மட்டும் வேறு.

ஒரே இடத்தில் விடாமல் இத்தனை நாள் வேலை செய்தால் நிரந்தரம் கேட்க உரிமை வந்துவிடும் என்று எங்கள் வேனில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை நாள் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏஜென்சிக்கு அந்த எண் சரியாகத் தெரிந்திருந்தது. அதனால் ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு 'பிரேக்' வரும். அந்த வாரம் ஏஜென்சி சார் லைனுக்கு வந்து, "எல்லாரும் லெட்டர் கொடுத்துடுங்கம்மா, கைப்பட எழுதணும், டைப் பண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். ராஜினாமாக் கடிதம். அதையும் அட்டையையும் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து போன் வரும். போனால் புது அட்டை, புதுப் பட்டை, சில சமயம் பட்டையில் வேறொரு ஏஜென்சியின் பெயர். அதே சார்தான் இருப்பார். அதே நாற்காலியில் போய் உட்காருவோம், அன்றுதான் முதன்முதலாக வந்தவர்களைப் போல.

எனக்கு முதல் பிரேக் வந்தபோது, கடிதத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை மாதிரி எழுதித் தந்த பெண் வேறு வேலைக்குப் போயிருந்தாள். என்னைக் கேட்டார்கள். அது தீபாவளிக்கு முந்தைய வாரம். ஊருக்குப் போகிற பஸ்களும் கார்களும் பெருங்களத்தூரை அடைத்துக்கொண்டதில் எங்கள் வேன் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. மடியில் டிபன் பையை வைத்து, அதன்மேல் ஒரு தாளை விரித்து எழுதினேன். பெறுநர், பொருள், ஐயா வணக்கம் எல்லாம் சரியாக வந்தன. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"உடம்பு சரியில்லன்னு போடலாமா?" என்றேன்.

"அய்யே, அத்த போட்டுப் போட்டு நெசமாவே முட்டி வலி வந்துச்சு" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. "நல்லதா எதுனா போடு, டிப்ளமா."

அதனால் தங்கையின் கல்யாணம் என்று எழுதினேன். அதைப் படம் எடுத்து வேன் குரூப்பில் போட்டு, 'இதைப் பார்த்து எழுதுங்க, பேர் மட்டும் மாத்துங்க' என்று கீழே சேர்த்தேன். இருபத்து மூன்று பேர் இருந்தோம். இருபத்து மூன்று தங்கைகளுக்கும் ஒரே வாரத்தில் கல்யாணம். ஒரு பெண் அவசரத்தில் தன் அப்பா பெயருக்குப் பதிலாக என் அப்பா பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டாள். அதையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். யாரும் எதையும் படிப்பதில்லை என்பது அன்றே எனக்குத் தெரிந்தது. சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

அடுத்த பிரேக்கில் தேதியை மட்டும் மாற்றினேன். அதற்கடுத்ததிலும். பிரேக்குக்கே 'தங்கச்சி கல்யாணம்' என்று பெயர் வந்துவிட்டது. "உனுக்கு எப்ப தங்கச்சி கல்யாணம்? எனுக்கு வர்ற பத்தாந்தேதி." "பந்தில வட உண்டா?" இப்படித்தான் பேசிக்கொண்டு போவோம்.

அந்த அக்கா பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருவார். நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்து அங்கே கொண்டுபோய்விட்டவர்களில் ஒருவர். விடியும் முன் எழுந்து, பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து வேன் ஏறுவார். பெருங்களத்தூரில் நான் ஏறும்போது பக்கத்து இருக்கையில் பை இருக்கும். "பைக்கு டிக்கெட் எடுத்து வெச்சிகிறேன், வந்து குந்து" என்பார். எட்டு வருடமாக அதே கம்பெனியில், அதே பலகையில் ஒயர்களுக்கு டேப் சுற்றிவந்தார். அவர் சுற்றிய கட்டுக்கு என் மேஜையில் சிவப்பு எரிந்தது மிக அரிது. அதையும் குறித்துவைத்திருந்தேன்.

மூன்றாவது தங்கை கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் போன் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வேனில் அவருடைய இருக்கை காலியாக இருந்தது. ஏஜென்சி சாரைக் கேட்டேன். "புதுசா வயசு லிமிட் வெச்சிருக்காங்கம்மா. அந்த அக்காவுக்கு வேற எடத்துல பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு என் கருவியைப் பார்த்து, "மெஷின் நல்லா போகுதா?" என்றார்.

அக்கா ஒரு மாதம் ஏஜென்சிக்குப் போன் செய்து பார்த்தார். பிறகு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார். நான் எதிர்பார்க்கவில்லை. முதல் விசாரணை முடிந்த அன்று மதியம், சாப்பாட்டு இடைவேளையில் எனக்குப் போன் வந்தது.

"நீ எழுதிக் குடுத்த லெட்டர எனுக்கே காட்றான் டிப்ளமா. இந்தம்மாவா எழுதிக் குடுத்துட்டு நின்னுகிச்சு, நாங்க ஒண்ணியும் நிறுத்தலன்றான். எங்கையெழுத்து கீது. நான் இன்னா சொல்றது?"

கையில் சோறு இருந்தது. ஒரு ஒயர் தப்பினாலும் குறித்துவைக்கிறவள், என் கையால் எழுதிய பொய்யைத் தேதி மாற்றி மாற்றி மூன்று முறை அனுப்பியிருந்தேன். அதை வைத்துத்தான் அவருடைய எட்டு வருடத்தை இல்லை என்று சொல்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வர்றேன் அக்கா" என்றேன். "பழைய பேப்பர் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க."

பெரும்பாக்கத்தில் அன்று லிஃப்ட் நின்றிருந்தது. ஐந்து மாடி ஏறினேன். என்னென்ன தேடுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: பழைய அட்டைகளின் நகல், இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் பதிவு, வேனில் எடுத்த படங்கள். அட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் திருப்பி வாங்கியிருந்தார்கள். பிஎஃப் பதிவை போனில் எடுத்தோம். மூன்று ஏஜென்சிகளின் பெயரில், துண்டு துண்டாக எட்டு வருடம் இருந்தது. பெயர்கள் மாறுகிற இடத்திலெல்லாம் ஒரு சின்ன இடைவெளி.

எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் காற்றில் ஆடியது. கதவு அடித்துக்கொள்ளாமல் அதை ஒரு பட்டையால் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பச்சைப் பட்டை. அதில் ஏஜென்சியின் பெயர் இருந்தது.

"அக்கா, இது?"

"அதா? அட்டைய புடுங்கிகிறான், பட்டைய கேக்கறதில்ல. நல்ல கெட்டி. தூக்கிப் போட மனசு வர்ல."

அதன் பிறகு வீடு முழுக்கத் தேடினோம். சாவிக்கொத்தில் ஒன்று. பத்தாவது படிக்கிற மகளின் பையில், ஜிப் அறுந்த இடத்தில் ஒன்று. தண்ணீர்க் குடத்தின் மூடியில் ஒன்று. மடித்த பாயைச் சுற்றி இரண்டு. மகள் முணுமுணுத்துக்கொண்டே பையைக் காலி செய்து பட்டையை அவிழ்த்தாள். "நாளைக்கு நான் பைய எத்த வெச்சிக் கட்றது?" என்றாள். "தலமுடிய வெச்சிக் கட்டு" என்றார் அக்கா. கடைசியில் ஒன்பது கிடைத்தன. மூன்று நிறம், மூன்று பெயர். தரையில் வரிசையாக விரித்தோம். அக்கா சுவரில் சாய்ந்து அவற்றைப் பார்த்தார்.

"இத்தினி கழுத்துல மாட்டிகினு போயிருக்கேன்" என்றார். "ஒரு தாலி கூட இத்தினி வருசம் நிக்கல."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பட்டைகளை எண்ணினேன்.

இரண்டாவது விசாரணைக்கு நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். என்ன காரணம் என்று கேட்ட சூப்பர்வைசரிடம் சொந்த வேலை என்றேன். அம்மா காலையில் டிபன் கட்டிக்கொடுத்தபடி, "நீ போய்த்தான் ஆகணுமா? வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். "லெட்டர் என்னுதும்மா" என்றேன்.

தொழிலாளர் அதிகாரியின் அறை சின்னது. ஏஜென்சி சார் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி கேட்டபடி அக்காவின் எல்லாக் கடிதங்களையும் அவர் கொண்டுவந்திருந்தார். மொத்தம் பன்னிரண்டு. அதிகாரி அவற்றை மேஜையில் சீட்டு போடுவதைப்போல் பரப்பினார்.

"ஒம்பது தடவ உடம்பு சரியில்ல. அப்புறம் மூணு தடவ தங்கச்சி கல்யாணம்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுக்கு எத்தன தங்கச்சிம்மா?"

"தங்கச்சியே கெடயாது சார். ரெண்டு தம்பிதான். ரெண்டும் தண்டம்."

"அப்ப யாருக்குக் கல்யாணம்?"

"அத்த அவர கேளுங்க சார். அவர்தான் பத்திரிக வாங்கி வெச்சிகினார்."

"சித்தப்பா பொண்ணா இருக்கும் சார்" என்றார் ஏஜென்சி சார். "இவங்க அதையும் தங்கச்சின்னுதான் சொல்லுவாங்க."

"மூணு தடவையா?"

சார் தன் போனைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். அந்தக் காரணத்தை எழுதியது நான், எனக்கும் தங்கை இல்லை என்றேன். வேன் குரூப்பில் போட்ட படத்தையும் அதன் கீழே எழுதியிருந்ததையும் காட்டினேன். கடிதம் கொடுக்கச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏஜென்சி சாரைக் காட்டினேன். அக்கா பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். பட்டைகள் கடிதங்களின் மேல் விழுந்தன. அதிகாரி ஒன்றை எடுத்துப் பெயரைப் படித்தார். பிறகு இன்னொன்றை.

"நீ எங்கம்மா வேலை பாக்கற?"

"அதே ஏஜென்சிதான் சார்."

அப்போதுதான் ஏஜென்சி சார் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உனக்கு ஷிஃப்ட் இருக்கில்லம்மா?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். அக்காவை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், திங்கட்கிழமையே வரலாம் என்றார். ஒரு நிபந்தனை: புதிதாகச் சேருவதாக எழுத வேண்டும். பழைய வருடங்களைப் பற்றி எப்போதும் எங்கேயும் கேட்க மாட்டேன் என்றும் எழுத வேண்டும்.

"யோசிச்சு சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "இதுக்கு மேல நான் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒத்து வரலன்னா, சமரசம் முடியலன்னு எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் லேபர் கோர்ட்தான். அதுக்கு எவ்ளோ நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

வராந்தாவில் நின்றோம். "நீ இன்னா சொல்ற டிப்ளமா?" என்றார் அக்கா. எனக்கு வேறு வழி தெரியாததால் நோட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம், வேலைக்குப் போனால். வலது பக்கம், போகாவிட்டால். இடது பக்கத்தில் வேலை, இஎஸ்ஐ, மகளின் பள்ளிக்கூடம், வேன், நிம்மதி என்று ஐந்து வந்தன. வலது பக்கத்தில் 'எட்டு வருடம்' என்று மட்டும் எழுதினேன்.

அக்கா நோட்டை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"இந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் கீது."

"ஆமாங்கா."

"அத்த எழுதிக் குடுத்துட்டேன்னா அப்பால எங்கிட்ட இன்னா கீது? ஏழெட்டு மாசம் கழிச்சி மறுபடியும் லெட்டர் கேப்பான். அப்பவும் வயசு கொறையவா போவுது?" நோட்டைத் திருப்பித் தந்தார். "நிம்மதின்னு எழுதியிருக்க பாரு. அத்த அடிச்சிடு."

அடித்தேன். உள்ளே போய், எழுதித் தர மாட்டேன் என்று சொன்னார். அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். பட்டைகளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டோம். திரும்பும்போது ரயிலில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. தாம்பரம் வரும்வரை அக்கா தூங்கினார்.

மறுநாள் கம்பெனி கேட்டில் இருந்த கருவியில் என் அட்டையை வைத்தேன். சிவப்பு எரிந்தது. இன்னொரு முறை வைத்தேன். செக்யூரிட்டி அண்ணா, "ஏஜென்சில பேசிட்டு வாம்மா, என் கையில எதுவும் இல்ல" என்றார். பின்னால் வரிசை நின்றது, விலகினேன். இந்த முறை கடிதம்கூடக் கேட்கவில்லை. வேன் திரும்பிப் போகும் நேரம் வரை காத்திருக்க முடியாது என்பதால் ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்தேன். படப்பை வந்தபோதுதான் டிபன் பை கனமாக இருந்தது தெரிந்தது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், பட்டியல் இன்னும் இருக்கிறது. பதினெட்டாவதாக, படப்பை தாண்டி வேறொரு கம்பெனியில், வேறொரு ஏஜென்சி வழியாகச் சோதனை மேஜை கிடைத்தது. அக்கா பெருங்களத்தூரில் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போகிறார். "இங்கியும் ஏஜென்சிதான்" என்றார். "ஆரஞ்சு பட்ட. கலரு நல்லா கீது." வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது. இலவசமாக ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். இரண்டு முறை தேதி கொடுத்து, இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள். அக்கா இரண்டு முறையும் பையோடு போய்விட்டு வந்தார்.

புது இடத்தில் எட்டாவது மாதம் அந்த வாரம் வந்தது. இங்கே சார் வேறு, பேச்சு அதேதான். "கைப்பட எழுதணும்மா." வேனில் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இங்கேயும் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மடியில் டிபன் பை, அதன்மேல் தாள். காரணம் என்ற இடத்துக்கு வந்தேன்.

'ஏஜென்சி கேட்டுக்கொண்டதால் இந்தக் கடிதத்தைத் தருகிறேன். வேலையை விட எனக்கு விருப்பம் இல்லை' என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். போன மாதம்தான் இருபது வயது முடிந்தவள். "அக்கா, இப்படி எழுதுனா திட்ட மாட்டாங்களா?"

"படிச்சாதானே திட்டுவாங்க."

"படிச்சுட்டா?"

"படிச்சுட்டா வேலை போகலாம்" என்றேன். அவளுக்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "பயமா இருந்தா தங்கச்சி கல்யாணம்னு எழுதிக்கோ. ரெண்டு மாதிரியும் குரூப்ல போடறேன்."

"எனக்குத் தங்கச்சி இல்லையே."

"யாருக்கும் இல்ல."

பத்துப் பேர் நான் எழுதியதைப் பார்த்து எழுதினார்கள். எட்டுப் பேர் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தச் சின்னப் பெண் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். கொடுக்கும் முன் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டேன். சார் வந்தார், தாள்களை எண்ணினார், ஓரத்தைத் தட்டிச் சமமாக்கி ஸ்டேப்ளர் அடித்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அட்டைகளை வாங்கிக்கொண்டார். பட்டையைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கேட்கவில்லை.

அக்காவின் அடுத்த தேதி மறுவாரம் செவ்வாய்க்கிழமை. தாம்பரம் முதல் பிளாட்பாரத்தில் எட்டு மணிக்கு நிற்கச் சொல்லியிருந்தார். பிரேக்கில் இருந்ததால் இந்த முறை நான் யாரிடமும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை.